எதிர் நாற்காலி

தலைகீழாக நின்றாலும் சில பேருக்குச் சில காரியம் வராது என்பார்கள். சுயம்புக்கனிக்குத் தலைகீழாகவே வரும் காரியம் ஒன்று இருந்தது. அது எழுத்து.

மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் பிள்ளை, நடுவில் ஒரு தாள். பிள்ளையின் பார்வைக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதிக் காட்டுவாள். 'ஐ'யின் வளைவு முதல் 'ண'வின் கடைசிச் சுழி வரை அச்சடித்ததுபோல் விழும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர் பலர், பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டு மிஸ் எழுதுவதையே வாய் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு ஐஸ் கம்பெனிக்கு மேல் மாடியில் அவளுடைய அறை. வாசலில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று பலகை தொங்கியது. அது ஊர் வாயில் நுழையவில்லை. 'எழுத்து மிஸ்' என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுவந்து விடுவார். எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலையே இல்லை. அதற்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். பென்சிலைப் பிடிக்க முடியாத விரலுக்குப் பிடியும், தாளில் நிற்காத மணிக்கட்டுக்கு நிலையும், கூன் விழுந்து உட்காரும் முதுகுக்குத் தெம்பும் கொடுப்பதுதான் வேலை. களிமண்ணுக்குள் ஒளித்த பாசிமணியை விரல் நுனியால் தோண்டி எடுப்பது, துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றுவது, சுவரைத் தள்ளுவது என்று அங்கே நடப்பதெல்லாம் பார்வைக்கு விளையாட்டு.

பிள்ளை எழுதி முடித்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கை வலிக்குதா?" சரியா தப்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எழுதும்போது கை வலிக்கும் என்பதை எந்தப் பிள்ளையிடமும் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாதிப் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கே அழுதுவிடும்.

அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இயந்திரங்கள் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கியபோது கையெழுத்து செத்துப் போகும் என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. யார் எழுதியது என்று எதையும் நம்ப முடியாமல் போனதும், கையால் எழுதியது மட்டுமே செல்லும் என்று சட்டம் வந்துவிட்டது. பரீட்சை, புகார், பத்திரம், கப்பலின் நாட்குறிப்பு எல்லாம் சாட்சித் தட்டின் மேல் தாளை வைத்துத்தான் எழுத வேண்டும். சாட்சித் தட்டு என்பது சிலேட்டு அளவுக்கு ஒரு மெல்லிய பலகை. எழுதும் கையின் அழுத்தத்தையும் போக்கையும் பார்த்து யாருடைய கை என்று சொல்லிவிடும். சட்டம் வருவதற்கு முன் படிப்பை முடித்தவர்களுக்குக் கையொப்பம் போதும். மற்ற எல்லோருக்கும் ஐந்தாம் வகுப்பு முடிவில் கைத்தேர்வு உண்டு. அரை மணி நேரத்தில் பத்து வரி எழுத வேண்டும். தேறாத பிள்ளை வாய்மொழிப் பிரிவுக்குப் போகும். போன பிள்ளை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மெர்சிலாவுக்கு அந்த வருடம் கைத்தேர்வு.

அவளுடைய அப்பா கித்தேரியான் விசைப்படகு ஓட்டுகிறவர். வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும். மெர்சிலா தினமும் மாலையில் அவற்றை எண்ணாமல் சாப்பிட வரமாட்டாள். பெரிய கப்பலுக்குக் கேப்டன் ஆவதாக எண்ணம். வாயைத் திறந்தால் கப்பல் கப்பலாக வரும். பென்சிலைக் கொடுத்தால் கை மரத்துப்போகும். ஒரு வரி எழுதுவதற்குள் தாள் கிழிந்துவிடும். கிழியாவிட்டால் எழுதியது அவளுக்கே விளங்காது.

"கேப்டனாவது கீப்டனாவது. நாட்குறிப்பைக் கையால எழுதணும்லா மிஸ்? இவ எழுதுனா கப்பலு கொழும்புக்குப் போவுதா கொச்சிக்குப் போவுதான்னே தெரியாதே," என்றார் கித்தேரியான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மகள் களிமண்ணைப் பிசையும் அறைப்பக்கம் பார்க்காமல் சொன்னார்.

இரண்டு வருடம் வந்தும் மெர்சிலாவின் கை அரை மணியில் நான்கு வரியைத் தாண்டவில்லை. பார்கவ் கொண்டுவந்த கருவிக்குச் சுயம்புக்கனி தலையாட்டியது அதனால்தான்.

பார்கவ் சென்னையில் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கருவியின் பெயர் கைத்துணை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாட்டும் மெல்லிய உறை. "நல்லா எழுதுற ஒருத்தரோட தசை எப்படி வேலை செய்யுதோ அதைப் பதிவு பண்ணிக்கும், மேடம். அப்புறம் பிள்ளையோட கையில மாட்டினா அதே வரிசையில தசையை லேசாத் தட்டிக் கொடுக்கும். நாற்பது நாள். பிள்ளை விளையாடும்போது, சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போதுகூட கை கத்துக்கிட்டே இருக்கும்," என்று முந்தைய வருடம் அவன் விளக்கினான்.

யாருடைய கையைப் பதிவு செய்வது என்ற கேள்விக்குத் தெற்கே எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். சுயம்புக்கனியைச் சென்னைக்கு அழைத்துப் போய், கண்ணாடி அறையில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். அவள் பேனாவைத் தூக்கிவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுத்தாப்புல பிள்ள இல்லாம எனக்கு எழுத வராது தம்பி."

பெரிய பாடகர்கள் தம்பூரா இல்லாமல் வாய் திறக்க மாட்டார்கள் அல்லவா, அப்படி ஏதோ என்று பார்கவ் நினைத்துக்கொண்டான். நிறுவனமே தூத்துக்குடிக்கு இறங்கி வந்தது. ஐஸ் கம்பெனி மாடியில், எதிர் நாற்காலியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கையில் உறையோடு இரண்டு மாதம் எழுதினாள். உறை தசையைப் பதிவு செய்தது. தாளைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். தாளை யாரும் பார்க்கவில்லை.

கையைப் பற்றி இத்தனை வருடம் படித்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களிடம்தான் பதில் கேட்க வேண்டும்.

நாற்பது நாளும் பிள்ளை பென்சிலைத் தொடக் கூடாது என்பது விதி. தொட்டால் பழைய கை குறுக்கே வந்துவிடுமாம். நல்ல வேளையாகத் தவக்காலம் தொடங்கியது. அப்பா பீடியை விட்டார், அம்மா டீயை விட்டாள், மெர்சிலா பென்சிலை விட்டாள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் தவம் இருந்ததில்லை என்று பங்குச் சாமியாரே சிரித்தாராம்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலை எல்லோரும் மாடியில் கூடினார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் கித்தேரியான் கடலுக்குப் போகவில்லை. சலவைச் சட்டை போட்டு, மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்திருந்தார். பார்கவ் சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்தான். சுயம்புக்கனி எதிரில் உட்கார்ந்து புதுப் பென்சிலை நீட்டினாள்.

மெர்சிலா வாங்கினாள். விரல்கள் மூன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. தோள் இறங்கியது, முதுகு நிமிர்ந்தது. இரண்டு வருடமாகச் சுயம்புக்கனி கேட்டும் கிடைக்காத பிடி.

மெர்சிலா எழுதினாள். நிறுத்தாமல், நாக்கைக் கடிக்காமல், தாளைக் கிழிக்காமல் மூன்று வரி எழுதினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. சுயம்புக்கனி அதைக் கடகடவென்று வாசித்தாள்: "என் பெயர் மெர்சிலா. நான் கப்பல் பார்ப்பேன். எங்கள் தெருவில் கடல் தெரியும்." வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் தனக்கு அது எப்படி நேராகத் தெரிகிறது?

மெர்சிலா தன் பக்கத்திலிருந்து தாளைப் பார்த்து முழித்தாள். "மிஸ், இது என்ன எழுத்து? எனக்கு ஒண்ணும் வாசிக்க முடியல."

பார்கவ் இரண்டு பேரையும் பார்த்தான். தாளைப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். "மேடம்... நீங்க எதிர் பக்கத்துல இருந்து எழுதுவீங்க."

"ஆமா."

"தலைகீழா."

"ஆமா," என்று சொல்லும்போதே சுயம்புக்கனிக்கு முகம் வெளுத்தது.

சிரித்தது கித்தேரியான்தான். "இதுக்கா இப்படி முழிக்கிய? தாளைத் திருப்பி வச்சி எழுதச் சொல்லுங்க. எழுதி முடிச்சதும் நேராக்குங்க. படகைத் திருப்பத் தெரிஞ்சவனுக்குத் தாளைத் திருப்பத் தெரியாதா?"

சரியான யோசனை. எல்லோருக்கும் மூச்சு வந்தது. பார்கவ் பையிலிருந்து ஒரு சாட்சித் தட்டை எடுத்து மேசையில் வைத்தான். தாளைத் திருப்பி வைத்தார்கள். மெர்சிலா மறுபடி முத்து முத்தாக எழுதினாள். தட்டின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு மின்னிச் சிவப்பானது. கீழே எழுத்து ஓடியது. 'எழுதுபவர்: சுயம்புக்கனி.'

"உங்க கையைப் பதிவு பண்ணினப்போ பொதுப் பதிவேட்டுல உங்க பேரை ஏத்தணும்னு சட்டம், மேடம். அதுல உங்க கைன்னு இருக்கறது இது ஒண்ணுதான்," என்றான் பார்கவ். அவன் குரல் இறங்கிவிட்டது. "அழுத்தம், வேகம், வளைவு எல்லாமே உங்களோடது. தேர்வுல இப்படி எழுதினா வேற ஆள் எழுதினதா அர்த்தம். மோசடின்னு எடுத்துக்குவாங்க. புதுசாப் பதிவு பண்ணி, மறுபடி நாற்பது நாள் மாட்டணும். தேர்வுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"இருபத்திரண்டு," என்றாள் சுயம்புக்கனி.

கீழே ஐஸ் உடைக்கிற இயந்திரம் மட்டும் ஓடியது. மெர்சிலா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மிஸ்ஸோட கையின்னா, என் கை எங்க போச்சு மிஸ்?"

சுயம்புக்கனிக்கு அன்று முழுதும் சோறு இறங்கவில்லை. தவறு கருவியுடையதா, தன்னுடையதா என்று யோசிக்கவில்லை. தன்னுடையதுதான். வேடிக்கை பார்க்கும் பெற்றோரின் முகங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. தெற்கிலேயே நல்ல கை என்று சொன்னது பிடித்திருந்தது. அந்தக் கையைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் கைமேல் கவிழ்த்தாகிவிட்டது.

மறுநாள் மெர்சிலாவின் தோளையும் மணிக்கட்டையும் விரலையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். நாற்பது நாள் வீண்போகவில்லை. தெம்பு வந்திருந்தது, பிடி வந்திருந்தது. போக்குதான் தப்பு. "உன் கை எங்கயும் போகல மெர்சி. உள்ளதான் இருக்கு. என் கை மேல ஏறி உக்காந்துருக்கு. இறக்கிவிடுவோம்," என்றாள்.

ஆனால் எதிரில் உட்கார்ந்தால் காரியம் நடக்கவில்லை. சுயம்புக்கனியின் முகத்தை எதிரில் பார்த்தவுடன் மெர்சிலாவின் கை தானாகக் கவிழ்ந்துகொண்டது. அப்பா எதிரில் உட்கார்ந்தாலும் அப்படியே. காரணத்தைப் பார்கவ்தான் தொலைபேசியில் சொன்னான். "பதிவு முழுக்க எதிர்ல ஒரு ஆள் இருக்கும்போது நடந்தது இல்லையா மேடம்? எதிர்ல ஆளைக் கண்டா அந்த வரிசை முழிச்சுக்குது. எதிர்ல ஆள் இல்லாம முயற்சி பண்ணுங்க."

சுயம்புக்கனி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்கும்போது அறையே வேறாக இருந்தது. இவ்வளவு காலம் பிள்ளைகள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. தான் உட்காரும் இடத்துக்கு மேலே சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று முறைத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் முதலில் அதைக் கழற்றினாள்.

"மிஸ், நீங்க எழுதிக் காட்டுங்க. நான் பாத்து எழுதுதேன்," என்றாள் மெர்சிலா.

சுயம்புக்கனி பென்சிலை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். கடைசியில், ஆனது ஆகட்டும் என்று, பக்கத்திலிருந்து நேராக ஒரு 'க' எழுதினாள்.

மெர்சிலா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கோழி கிளறியதற்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நல்ல மனது வேண்டும்.

"மிஸ்... உங்களுக்கும் எழுத வராதா?"

இதை இந்த உலகத்தில் யாரிடமும் சுயம்புக்கனி சொன்னதில்லை. கட்டிய கணவனிடம்கூடச் சொன்னதில்லை. கடைக்குச் சாமான் சீட்டு எழுதுவது அவர்தான். தன் குறிப்புகளை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவாள். கையொப்பம் ஒரு கிறுக்கல். பெரிய படிப்புக்காரர்கள் கையொப்பம் அப்படித்தான் இருக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

"வராது மெர்சி. பள்ளிக்கூடத்துல என் நோட்டைத் தூக்கி வெளிய எறிவாங்க. இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த எரிச்சல்லதான். பெறவு, பிள்ளைகளுக்கு எதுத்தாப்புல எழுதிக் காட்டணும்னு வந்துச்சு. தலைகீழா எழுதுறது புதுசுலா? அதுல பழைய கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு எழுத்தா மெதுவாப் படிச்சேன். அது நல்லா வந்துட்டு. நேர் எழுத்து அப்படியே நின்னு போச்சு."

மெர்சிலாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைச் சுயம்புக்கனி பார்த்தாள். இரண்டு வருடச் சிகிச்சையில் பார்க்காதது. மெர்சிலா பென்சிலை எடுத்து, மிஸ்ஸின் 'க'வுக்குப் பக்கத்தில் தன் 'க'வை எழுதினாள். இரண்டும் கோணல். இரண்டு கோணலும் வேறு வேறு. பார்கவ் விட்டுப்போன சாட்சித் தட்டு தாளுக்கடியில் பச்சையாக எரிந்தது. 'எழுதுபவர்: பதிவில் இல்லை. புதிய கை.'

"ஏ, என் கை!" என்று கத்தினாள் மெர்சிலா.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. தினமும் காலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். இரண்டாவது வாரத்தில் மெர்சிலா அரை மணியில் ஏழு வரி எழுதினாள், பிறகு ஒன்பது. சுயம்புக்கனி ஐந்தில் நின்றாள். "நீங்க ரொம்ப அழுத்துதீங்க மிஸ்," என்று மெர்சிலா கண்டித்தாள். சுயம்புக்கனிக்கு அது சிரிப்பாகவும் வெட்கமாகவும், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல் தீரவில்லை. தேர்வில் தேர்வாளர் பிள்ளைக்கு எதிரில் உட்காருவார். எத்தனை தடவை கித்தேரியானை எதிரில் உட்காரவைத்துப் பழக்கினாலும் கை கவிழ்ந்தது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார், துண்டால் முகத்தை மூடிப் பார்த்தார். துண்டு போட்ட ஆளும் ஆள்தான் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

தேர்வன்று பாளையங்கோட்டையிலிருந்து வந்த தேர்வாளரின் பெயர் கோமதிநாயகம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. முகத்தில் ஈ உட்கார யோசிக்கும். சிகிச்சை பெறும் பிள்ளைகளுடன் சிகிச்சையாளரும் வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்ததால் சுயம்புக்கனியும் போயிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது.

கோமதிநாயகம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாட்சித் தட்டை வைத்தார். "மூணு தடவை மஞ்சள் எரிஞ்சா தேர்வு முடிஞ்சுது. ஆரம்பிக்கலாம்," என்றார்.

மெர்சிலா பென்சிலை வைத்தாள். கை கவிழ்ந்தது. மஞ்சள்.

நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி வைத்தாள். மஞ்சள்.

சுயம்புக்கனி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு கோடு. அந்தப் பிள்ளை கப்பலை எண்ணுவதெல்லாம் அந்த ஒரு கோட்டில் இருந்தது. எழுந்து கத்திவிடலாமா என்று நினைத்தாள்.

மெர்சிலா பென்சிலைக் கீழே வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், நீங்க கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருதீங்களா?"

கோமதிநாயகம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன்?"

"எதுத்தாப்புல ஆளு இருந்தா என் கை உங்களுக்காக எழுதுது. பக்கத்துல இருந்தா எனக்காக எழுதும்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். தேர்வாளர் மேசையில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எந்தப் பக்கம் என்று போடவில்லை. பதினோரு வருடத் தேர்வுகளில் யாரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முட்டி சத்தம் போட எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், மெர்சிலாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

பச்சை.

மெர்சிலா எழுதினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வரிக்கு வரி மூச்சு விட்டு, ஒரு எழுத்து பெரிதும் ஒரு எழுத்து சிறிதுமாக எழுதினாள். 'எங்கள் வீட்டு மாடியில் இருந்து கப்பல் தெரியும். நேற்று ஏழு கப்பல் நின்றது. ஒன்று சிவப்பு.' மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பத்தாவது வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தாள். தாளின் அடியில் பச்சை கடைசிவரை அணையவில்லை.

கோமதிநாயகம் தட்டை அணைத்துவிட்டு, தாளோடு மறுபடி எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். நெற்றி சுருங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மெர்சிலா அதைப் பார்த்தாள். கிடந்த வெற்றுத் தாளை இழுத்து, எதிரில் ஆள் இருந்ததால் கடகடவென்று எழுதினாள். அவருக்கு நேராக, முத்து முத்தாக வந்தது.

'சார், வாசிக்க முடியலைன்னா சொல்லுங்க. நான் வாசிச்சுக் காட்டுதேன்.'

கோமதிநாயகம் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஈ உட்கார யோசிக்கும் அந்த முகம் அப்படியே உடைந்து சிரித்தது. "வேண்டாம் தாயி. வாசிச்சிட்டேன். தேறிட்ட."

சுயம்புக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து ஓடிப்போய் மெர்சிலாவைக் கட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், கோமதிநாயகம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உக்காருங்க மேடம். இந்த வருஷத்துல இருந்து புது விதி. பிள்ளை சொந்தக் கையாலதான் எழுதுச்சுன்னு நீங்க உங்க கையால ஒரு வரி எழுதிக் கொடுக்கணும். தட்டு மேல."

சுயம்புக்கனி மெர்சிலா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கோமதிநாயகம் தட்டை மறுபடி போட்டார். எதிரில் அவர் இருந்தார். இரண்டு நொடியில், அவருக்கு நேராக, அழகாக எழுதிக் கொடுத்துவிடலாம். பதிவேட்டில் இருப்பது அந்தக் கைதான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் கை எழும்பியது.

பக்கத்தில் மெர்சிலா நின்றுகொண்டிருந்தாள்.

சுயம்புக்கனி தாளைத் தன் பக்கம் நேராக வைத்துக்கொண்டு, நேராக எழுதினாள். மெதுவாக, அழுத்தி, கோணலாக எழுதினாள். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது. தட்டில் எழுத்து ஓடியது. 'எழுதுபவர்: பதிவில் இல்லை. சுயம்புக்கனி அல்ல.'

கோமதிநாயகம் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவில் தொங்கிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்து நோட்டிலிருந்து கைத்துணை வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

அவர் விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினார். "பிள்ளைக்குச் சிக்கல் இல்ல. தட்டே சாட்சி. இந்த ஒரு வருஷம் உங்க கையொப்பத்தை வச்சி ஒப்பேத்தலாம். ஆனா அடுத்த வருஷம் நீங்க யாருக்காவது எழுதிக் கொடுக்கணும்னா முதல்ல உங்க நேர் கை பதிவாகணும். கைத்தேர்வு எழுதணும் மேடம்."

"எந்தப் பிரிவுல?"

"ஐந்தாம் வகுப்புதான். அது ஒண்ணுதான இருக்கு. பெரியவங்களுக்கு அக்டோபர்ல வைப்பாங்க, வாங்க." கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "நான் பக்கத்துலயே உக்காருதேன்."

வெளியே கித்தேரியான் மக்ரூன் பொட்டலத்தை வாசல் காவலர் வரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். மகள் தேறியதைக் கேட்டதும் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மிஸ் தேறவில்லை என்பதைக் கேட்டபோது ஒருமுறை சிரித்தார். மகள் முறைத்ததால் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, சிகிச்சை முடிந்துவிட்ட மெர்சிலா யாரும் கூப்பிடாமல் ஐஸ் கம்பெனி மாடி ஏறி வந்தாள். எதிர் நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பத்து வரி எழுதுங்க மிஸ். நான் மணி பாக்கேன்."

சுயம்புக்கனி எழுதினாள். 'க' வளைந்தது, 'ண' கோட்டுக்குக் கீழே இறங்கியது, ஆறாவது வரியில் தாள் கிழிந்தது. பென்சிலை வைத்துவிட்டு, தப்பு எங்கே என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மெர்சிலா தாளைப் பார்க்கவே இல்லை. மிஸ்ஸின் விரல்களைத்தான் பார்த்தாள்.

"கை வலிக்குதா மிஸ்?"

இருபத்திரண்டு வருடமாக ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்டது அது. ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுயம்புக்கனி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மெர்சிலா மேசைக்கடியிலிருந்து களிமண் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் பக்கம் தள்ளினாள்.